ஏரிக்கரையில் யாரும் ஏறுவதில்லை

“ஆய்த்தா?” என்றார் வேதவல்லி மேடம்.

முடிந்ததா என்று கன்னடத்தில் கேட்கிறார். அவரோடு எங்கள் பேச்செல்லாம் கன்னடம்தான். நான் அப்போது அவருடைய மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, மூச்சு வாங்க, வாயில் வந்ததையெல்லாம் கொட்டி முடித்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லைனில் இருந்த பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் எந்தக் கண்ணாடியும் என் குரலைத் தடுத்ததில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

மேடம் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பேனாவை மூடினார். அதை மேசை விளிம்புக்கு நேராக வைத்தார். அது கொஞ்சம் கோணலாகப் பட்டதோ என்னவோ, விரல் நுனியால் தள்ளி மறுபடியும் நேராக்கினார்.

“ஆய்த்து மேடம்.”

“சரி நாகமணியவரே. இப்போ விஷயத்தைச் சொல்லுங்க.”

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள். அதுவரை நான் என்ன காலட்சேபமா பண்ணிக்கொண்டிருந்தேன்? கம்பெனி பஸ் இனிமேல் ஏரிக்கரைக் காலனிக்குள் போகாது, மெயின் ரோட்டு ஆர்ச்சோடு திரும்பிவிடும் என்று முடிவாகியிருந்தது. அது அநியாயம் என்று தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன். இதற்கு மேல் என்ன விஷயம் இருக்கிறது?

“அதான் சொன்னேனே மேடம்!”

“நீங்க கோபமா இருக்கீங்கன்னு சொன்னீங்க. அது எனக்குப் புரிஞ்சுது. யாருமே ஏறாத இடத்துக்கு பஸ் ஏன் போகணும்? அதைச் சொல்லலை.”

“ஏறுறாங்க மேடம்!”

“பஸ்ஸுல இருக்கிற கார்டு மெஷின் இல்லைங்குதே.”

“மெஷின் பொய் சொல்லுது!”

மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “மெஷினுக்குப் பொய் சொல்ல என்ன காரணம்?”

நக்கலடிக்கிறார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திய சாத்தில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது.

பழைய சாரும் சர்க்கரைக் கரண்டியும்

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு சிவண்ணா சாரை நினைவிருக்கும். எங்கள் பழைய நிர்வாக மேலாளர். அவரிடம் வேலை ஆக வேண்டுமென்றால் ஒரு வழிதான். நாம் கத்த வேண்டும், அவர் நம்மைவிடச் சத்தமாகக் கத்துவார், மேசையைத் தட்டுவார், நம் கண்ணில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். உடனே அவர் குரல் இறங்கிவிடும். “சாப்பிட்டியாம்மா?” என்பார். கேட்டது கிடைத்துவிடும்.

அந்த வித்தையில் நான் கைதேர்ந்தவள். லைன் சூப்பர்வைசர் ஆனதே அந்தத் தொண்டையால்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பஸ் கமிட்டியிலும் என்னைத்தான் போட்டிருந்தார்கள்.

சிவண்ணா சார் ஓய்வு பெற்றார். பெங்களூரிலிருந்து வேதவல்லி மேடம் வந்தார். கேன்டீன், வருகைப் பதிவு, பஸ் எல்லாம் அவர் கைக்குப் போயின. கத்த மாட்டார், சிரிக்கவும் மாட்டார். கூட்டிப் பெருக்குகிறவரைக்கூட ‘அவரே’ சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

வந்த புதிதில் ஒரு வாரம் முழுக்கக் கேன்டீன் மூலையில் கையில் கடிகாரத்தோடு நின்றார். டீ நேரம் எங்களுக்கு ரொம்பக் கொஞ்சம். அதில் பாதி வரிசையிலேயே போய்விடும். ‘யார் நின்று கதை பேசுகிறாள் என்று குறித்துக்கொண்டிருக்கிறார், இன்றைக்கு எவளுக்கு மெமோவோ’ என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு டீ குடித்தோம். அன்றைக்கே அவருக்குப் பெயர் வைத்தாயிற்று, கடிகாரம்.

“கடிகாரம் வருது, கடிகாரம் வருது” என்று அவர் காதுபடத் தமிழில் சொல்லுவோம். அவருக்கென்ன தெரியும், கன்னடக்காரர் என்று தைரியம்.

அடுத்த திங்கட்கிழமை பார்த்தால் யாருக்கும் மெமோ வரவில்லை. டீ டிரம்முக்குப் பக்கத்திலிருந்த சர்க்கரை டப்பாவும் கரண்டியும் மட்டும் இடம் மாறியிருந்தன. தள்ளி, ஜன்னலோரம் ஒரு தனி மேசையில். டீயைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து போய், சர்க்கரை வேண்டியவர்கள் அங்கே கலக்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான். வரிசை கரைந்து போயிற்று. உட்கார்ந்து ஊதி ஊதிக் குடிக்க நேரம் கிடைத்தது.

அதற்காக யாராவது அவரை வாழ்த்தினோமா? ம்ஹூம். சர்க்கரைக்கு இவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் முணுமுணுத்தோம். நானும்தான்.

மாதேஸ்வரியின் வீடு

ஏரிக்கரை நிறுத்தத்துக்காக நான் ஏன் அப்படிக் குதித்தேன் என்று சொல்ல வேண்டும். நான் அங்கே இல்லை. என் பஸ் வேறு வழி. என் லைனில் வேலை செய்த மாதேஸ்வரி அங்கே இருந்தாள்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துப் பெண்கள் நாங்கள் இருவரும். அவள் இன்னும் உள்ளே, கோபிநத்தம், காட்டோரம். பைக்குகளுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்ப்பதுதான் எங்கள் கம்பெனி வேலை. அதில் அவள் விரல் ஓடுவதைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். இவளும் மகளும் ஏரிக்கரைக் காலனியில் ஒற்றை அறை வீடு. மகள் மைசூரில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். அதுதான் மாதேஸ்வரிக்கு எல்லாம்.

காலனியிலிருந்து ஆர்ச் வரைக்கும் ஏரியை ஒட்டிய ரோடு. விளக்கு கிடையாது. ஒரு பக்கம் முள்ளுக்காடு, இன்னொரு பக்கம் கறிக்கடைக் கழிவுக்குப் பழகிய நாய்க் கூட்டம். முதல் ஷிப்டுக்கு விடியுமுன் கிளம்ப வேண்டும். இரண்டாம் ஷிப்டு முடிந்தால் ஊரடங்கிய பிறகுதான் வர வேண்டும். போன மழைக்காலத்தில் அந்த ரோட்டில் ஒரு பெண்ணை நாய் குதறி, ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

பஸ் வராது என்ற செய்தி எப்படியோ கோபிநத்தம் வரைக்கும் போய்விட்டது. மாதேஸ்வரியின் மாமனார் போன் செய்தார். பஸ் வாசலுக்கு வரும் வரைக்கும்தான் வேலை, நின்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான். பயம் அவருக்கு.

“அவரு சொல்றதுலயும் தப்பில்லீங்க்கா,” என்றாள் மாதேஸ்வரி. கையில் வயரைப் பின்னிக்கொண்டே சொன்னாள், தலை நிமிரவில்லை. “ஆனா என்ற புள்ள பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருக்குதுங். இப்ப எப்படிங் பிடுங்கிக்கிட்டுப் போறது?”

அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் மேடம் அறைக்குள் பாய்ந்தேன். போய் என்ன கிழித்தேன்? காலண்டரை ஆட்டிவிட்டு வந்தேன்.

பதில் தெரியாத கேள்வி

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரங்கள் என்ன பாடுபட்டன என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“மெஷினுக்குப் பொய் சொல்ல என்ன காரணம்னு கேக்குது அந்தம்மா! எவ்வளவு கொழுப்பு பாருங்க!”

“என்ன காரணம்?” என்றார் அவர்.

“என்னது?”

“காரணம் என்னன்னு கேட்டேன்.”

“எனக்கெப்படித் தெரியும்?”

“அதானே பாத்தேன். பதில் தெரியாத கேள்வியக் கேட்டாத்தான் உனக்கு இம்புட்டுக் கோவம் வரும்.”

ஒரு கரண்டி பறந்திருக்கும். பக்கத்தில் எதுவும் அகப்படவில்லை. ஆனால் அந்தப் பேச்சு மண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. மேடம் நக்கலடிக்கவில்லையோ? நிஜமாகவே கேட்டாரோ?

சிவண்ணா சார் கேள்வி கேட்டால் அது கேள்வியே இல்லை. “உனக்கு அறிவிருக்கா?” என்றால் யாராவது பதில் சொல்வார்களா? அப்படியே பழகிவிட்டேன். இந்த அம்மா கேள்வி கேட்டால் பதிலுக்காகக் கேட்கிறார். சர்க்கரைக் கரண்டி திடீரென்று நினைவுக்கு வந்தது. வரிசை ஏன் நிற்கிறது என்று கேட்டார், ஒரு வாரம் பார்த்தார், கரண்டியைத் தள்ளி வைத்தார். யார் மெதுவாகக் கலக்கினாள் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

“காலைல என்னை ஏரிக்கரைல கொண்டுபோய் விடுங்க,” என்றேன்.

“எத்தனை மணிக்கு?”

“பஸ்ஸுக்கு முன்னாடி.”

கை மாறிப் போன கார்டுகள்

மைசூர்க் குளிர் விடியுமுன் காதைப் பிடித்துத் திருகும். ஏரிப் பக்கமிருந்து பாசி வாடை வந்தது. காலனி முனையில் ஒரு டீ வண்டி, அடுப்பு வெளிச்சம். பஸ் உறுமிக்கொண்டு வந்து திரும்பி நின்றது. டிரைவர் சித்தராஜு என்ஜினை அணைத்துவிட்டு நேராக டீ வண்டிக்குப் போனார்.

பெண்கள் கும்பலாக ஏறினார்கள். நானும் ஏறினேன். உள்ளே இருட்டு. படிக்குப் பக்கத்தில்தான் கார்டு மெஷின் இருக்கிறது. கார்டைக் காட்டினால் டிங் என்று சொல்லும், யார் எங்கே ஏறினார் என்று ஆபீஸுக்குப் போய்விடும். இப்போது அதுவும் இருட்டாகக் கிடந்தது. என்ஜின் ஓடினால்தான் அதற்கு உயிர்.

“என்ஜினை ஏன் அணைக்கிறாரு?” என்று மாதேஸ்வரியைக் கேட்டேன்.

“மேடம் ரூலுங்களே. நிக்கிற வண்டில டீசல் எரியக் கூடாதுன்னு. முந்தியெல்லாம் ஓடிக்கிட்டே இருக்குமுங்.”

எனக்குச் சுருக்கென்றது.

எல்லோரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பின் சீட்டில் இரண்டு பேர் அதற்குள் தூங்கிவிட்டார்கள். சித்தராஜு வந்து வண்டியை எடுத்தார். மெஷின் கண்ணைக் கசக்கிக்கொண்டு பச்சை விளக்குக்கு வருவதற்குள் ஏரி ரோடு முடிந்து ஆர்ச் வந்துவிட்டது. அங்கே ஏறுகிறவர்கள் படியில் முண்டினார்கள். உள்ளே இருக்கிறவர்கள் எழுந்து முன்னால் வர இடமேது?

அப்போது பின் சீட்டிலிருந்து ஒரு கார்டு கிளம்பியது. அடுத்த சீட்டுக்கு வந்து அங்கே இன்னொன்று சேர்ந்தது. அப்படியே கை மாறிக் கை மாறி முன்னால் வந்தது. டவுன் பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே டிக்கெட் காசை நாமெல்லாம் கண்டக்டருக்கு அனுப்புவோமே, அதே மாதிரி. முன் சீட்டில் இருந்த மாதேஸ்வரி கட்டாக வாங்கினாள். டிங், டிங், டிங் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். திரும்ப அதே வழியில் கார்டுகள் பின்னால் போயின.

ஒருத்தி கனகாம்பரம் தொடுப்பதை நிறுத்தவே இல்லை. அவ்வளவு பழக்கம்.

ஏரிக்கரைப் பெண்கள் அத்தனை பேரும் ஆர்ச்சில் ஏறியதாக அல்லவா ஆபீஸில் பதிவாகிறது! தங்கள் நிறுத்தத்தைத் தாங்களே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் காரணம் மேடத்தின் டீசல் ரூல்.

காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்க முடியாது. மெஷினுக்கு மேலேயே ஒட்டியிருந்தது: தன் கார்டைப் பிறரிடம் கொடுப்பதும், பிறர் கார்டைக் காட்டுவதும் வேலை நீக்கத்துக்குரிய குற்றம். முன்பு வராதவர்களுக்கு வந்ததாகக் கார்டு போட்டு ஒரு பெரிய கலாட்டா நடந்த பிறகு வந்த சட்டம் அது. நான் நிறுத்தத்தைக் காப்பாற்றப் போனால் மாதேஸ்வரியின் வேலை போய்விடும். சும்மா இருந்தாலும் போய்விடும்.

கம்பெனி வாசலில் இறங்கியதும் அவளைத் தனியே இழுத்துப் போய்ச் சொன்னேன். எங்களைத் தாண்டி ஐ.டி. கம்பெனியின் ஏ.சி. பஸ்கள் கண்ணாடியைச் சாத்திக்கொண்டு வரிசையாகப் போயின. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சொல்லிப்போடுங்க்கா,” என்றாள்.

“உன் பேரு வெளிய வருமே?”

“வரட்டுமுங். பஸ் நின்னா நானே போயிருவேன். சொன்னாலாச்சும் மத்தவீக வேலைக்குப் போவாங்கல்லங்.”

அழவில்லை அவள். எனக்குத்தான் அழுகை வந்தது. அதைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். இந்த அம்மாவிடம் கண்ணீரோடு போனால் காரியம் ஆகாது என்று அதற்குள் தெரிந்திருந்தது.

யார் என்று கேட்கவில்லை

கதவை மெதுவாகத் திறந்தேன். அதற்கே மேடம் ஆச்சரியப்பட்டிருப்பார்.

“மெஷினுக்குப் பொய் சொல்ல என்ன காரணம்னு கேட்டீங்க மேடம். பதில் கொண்டு வந்திருக்கேன்.”

அவர் பேனாவை மூடினார். எதிரே நாற்காலியைக் காட்டினார். சிவண்ணா சார் காலத்திலிருந்தே நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. கத்துவதற்கு நிற்பதுதான் வசதி. அன்றைக்கு உட்கார்ந்தேன்.

பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். பாவம், பரிதாபம், பிள்ளை படிப்பு எதையும் முதலில் எடுக்கவில்லை. வண்டி நிற்கிறது. என்ஜின் அணைகிறது. மெஷின் அணைகிறது. பெண்கள் ஏறுகிறார்கள். ஆர்ச்சில் மெஷினுக்கு உயிர் வருகிறது. படியில் கூட்டம். ஆகவே கார்டுகள் கை மாறி முன்னால் வருகின்றன, ஒருவர் எல்லாவற்றையும் காட்டுகிறார். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். ஒருவர் என்றுதான் சொன்னேன்.

“என்ஜினை அணைக்கச் சொன்னது நீங்க மேடம்,” என்பதையும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லும்போது நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

மேடம் மூடிய பேனாவை மேசை விளிம்புக்கு நேராக வைத்தார். இப்போது கேட்பார், ‘யார் அந்த ஒருவர்?’ என்று கேட்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சொல்ல மாட்டேன், என்னையே தூக்கினாலும் சொல்ல மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன்.

“மெஷினை எங்கே வச்சிருக்காங்க? படிக்கு வலது பக்கமா, இடது பக்கமா?” என்றார் மேடம்.

அப்பாடா! எனக்கு எழுந்து அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நல்லவேளை செய்யவில்லை.

“வலது பக்கம் மேடம். ஒரு நாள் வந்து பாருங்களேன்.”

“ஒரு நாள் பார்த்தா அது கதை, நாகமணியவரே. ஒரு வாரம் வர்றேன்.” பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டு, “ஆர்ச்சுல ஏறுறவங்க கூடினதைப் பார்த்தேன். ஜனங்க வீடு மாறிட்டாங்கன்னு நினைச்சேன். போய்ப் பார்க்கலை,” என்றார்.

மன்னிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. கணக்கில் விட்டுப்போன ஒன்றைச் சேர்ப்பது போலச் சொன்னார்.

எப்பவும் போல

முதல் நாள் மேடம் டீ வண்டிக்குப் பக்கத்தில் ஸ்வெட்டரும் மப்ளருமாக நின்றதைப் பார்த்த ஏரிக்கரைப் பெண்களுக்குக் குலை நடுங்கிவிட்டது. நான் முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருந்தேன். இருந்தாலும் பாதிப் பேருக்கு நம்பிக்கை இல்லை. நான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று ஒருத்தி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

எல்லோரும் ஏறினார்கள், நானும்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டி உட்கார்ந்தார்கள். மேடம் நடு சீட்டில் ஜன்னலோரம். பஸ் கிளம்பியது. ஆர்ச் வந்தது. மெஷின் பச்சைக்கு வந்தது. படியில் கூட்டம் முண்டியது.

ஒரு கார்டுகூட நகரவில்லை. கார்டுகள் எல்லாம் மடியிலேயே கிடந்தன. எழுந்து போகவும் இடமில்லை, அனுப்பவும் தைரியமில்லை. யாரும் எதுவும் செய்யாவிட்டால் மேடம் எதைப் பார்ப்பார்? நான் சொன்னது புளுகு என்றாகிவிடுமே!

மேடம் தொண்டையைச் செருமினார்.

“பயப்படாதேங்கோ. எப்பவும் போலப் பண்ணுங்கோ.”

தமிழ்! எங்கள் தமிழும் இல்லை, டி.வி.யில் வரும் தமிழும் இல்லை. மேல்கோட்டைப் பக்கத்து வைணவக் குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே பேசிக் காப்பாற்றி வைத்திருக்கிற பழைய தமிழ்.

“ஐயையோ, கடிகாரத்துக்குத் தமிழ் தெரியுமா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வாய்தவறி வந்துவிட்டது. இத்தனை மாதமாக அவர் காதுபட நாங்கள் என்னென்ன பேசியிருப்போம்! அத்தனையும் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை காட்டாமல் இருந்திருக்கிறார்.

“தெரியும்,” என்றார் மேடம். அவ்வளவுதான்.

மாதேஸ்வரி எழுந்தாள். முன் சீட்டில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பி நின்றாள். முகம் வெளிறியிருந்தது, குரல் நடுங்கவில்லை.

“குடுங்கடி கார்டை. எப்பவும் நாந்தான பஞ்ச் பண்றேன். குடுங்க.”

பின் சீட்டிலிருந்து முதல் கார்டு கிளம்பியது. அடுத்தது. அதற்கடுத்தது. கட்டு நடு சீட்டுக்கு வந்தது. மேடம் கைக்கே வந்துவிட்டது, ஏனென்றால் கை மாறுகிற வழியில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்து தன் கார்டைக் கழற்றினார். கட்டின் மேலே வைத்தார். முன் சீட்டுக்கு நீட்டினார்.

டிங், டிங், டிங். மாதேஸ்வரி காட்டிக்கொண்டே போனாள். மேல்கோட்டைக் கார்டும் கோபிநத்தம் கார்டும் ஒரே கையில் டிங் என்றன.

சொன்னபடி ஒரு வாரம் முழுக்க வந்தார். மூன்றாவது நாள் ஒருத்தி அவருக்கும் டீ வாங்கி வந்தாள். “சர்க்கரை தனியா வேணுமா மேடம்?” என்று கேட்டாள், திமிர் பிடித்தவள். மேடம் உதடு லேசாக அசைந்ததை நான் பார்த்தேன். சிரிப்பு என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பலகையில் ஒட்டிய தாள்

அந்த வாரக் கடைசியில் பேக்டரித் தலைவர் அறையில் கூட்டம். நானும் போயிருந்தேன். நிறுத்தம் இருக்கட்டும், மெஷினுக்குத் தனி பேட்டரி போடலாம் என்று அவர் சட்டென்று ஒத்துக்கொண்டார். ஆனால் சட்டம் சட்டம்தான் என்றார். எல்லோர் கார்டையும் காட்டிய அந்தப் பெண் வேலையை விட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு யார் மதிப்பார்கள்?

எனக்குள் பழைய நாகமணி எழுந்துவிட்டாள். வாயைத் திறந்தேன். மேடம் என் பக்கம் திரும்பாமலே கையை லேசாக உயர்த்தினார், பொறு என்பது போல.

“சட்டத்துல காட்டுறவங்களுக்கும் கொடுக்கிறவங்களுக்கும் ஒரே தண்டனை சார்,” என்றார் கன்னடத்தில். “கொடுத்தவங்க எல்லாரோட பேரும் வரும். நீங்க எதைச் சொல்றீங்களோ அதை எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டுடறேன்.”

“எல்லாருக்கும்னா?”

“எல்லாருக்கும் சார்.”

தலைவர் அவரையே பார்த்தார். பிறகு தண்ணீர் குடித்தார். என்ன முடிவாயிற்று என்று எனக்குத் தெரியாது, அதற்குள் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மாதேஸ்வரியிடம் என்னத்தைச் சொல்வது? நாளை தெரியும் என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் வேலைக்கு வந்தபோது அவள் தோளில் பெரிய பை இருந்தது. மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய் டி.சி. கேட்க வேண்டும், பிறகு ஊர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றாள். எல்லாம் முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

கேன்டீன் பலகையைச் சுற்றிக் கூட்டம். நெட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம்.

ஏரிக்கரை நிறுத்தம் தொடரும் என்று ஒரு தாள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு தாள். கார்டுகள் கை மாறியதற்காக, சம்பந்தப்பட்ட அனைவருக்கும் முதல் எச்சரிக்கை. மறுமுறை நடந்தால் வேலை நீக்கம். கீழே பெயர்கள். கன்னடத்தில் இருந்தது. மாதேஸ்வரி எழுத்துக் கூட்டிப் படித்தாள், விரல் வைத்து.

முதல் பெயரில் விரல் நின்றுவிட்டது. வேதவல்லி, நிர்வாக மேலாளர். அதற்கு அடுத்த பெயர் மாதேஸ்வரி.

தன் பெயரைத் தானே எழுதி, தானே கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கிறார். பிறகு ஒரு நாள் அவரிடமே கேட்டேன், அன்றைக்கு ஏன் மேடம் உங்கள் கார்டையும் சேர்த்துக் கொடுத்தீர்கள் என்று. “மெஷின் என்ன காட்டுதுன்னு பார்க்க வேண்டாமா?” என்றார். அதுதான் முழுக் காரணமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் விடவில்லை, பேனாவை மூடிவிட்டார்.

மாதேஸ்வரி மட்டும் பலகையைவிட்டு நகரவில்லை. இரண்டு பெயர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏனுங்க்கா, அப்ப என்னைய வேலைய விட்டுத் தூக்கோணும்னா மொதல்ல இந்தம்மாவத் தூக்கோணுமுங்களா?”

“ஆமாடி.”

அவள் லைன் பக்கம் நடந்தாள். தோளிலிருந்த பையை இறக்கி, என் மேசைக்கு அடியில் காலால் தள்ளினாள். கை உறையை மாட்டிக்கொண்டு லைனில் போய் உட்கார்ந்தாள்.